லண்டனின் எல்டிஎன் தெருக்கள்: கார் ஓட்டுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனில் வாழும் தமிழர்களிடையே, குறிப்பாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடையே, எல்டிஎன் தெருக்களைப் பற்றிய அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் பெரும்பாலும் லண்டனுக்கு உரியவை. வெளியூர்களில் வேறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன். நான் காரும் ஓட்டுகிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன். சொந்தக் கருத்து வரும் இடத்தில் அது கருத்து என்பது தெரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

எல்டிஎன் என்றால் என்ன? தெருவை மூடிவிட்டார்கள் என்கிறார்களே, அதுவா?

நான்கு பக்கமும் பெரிய சாலைகளால் சூழப்பட்ட ஒரு குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையில் நெரிசல் கூடும்போது, அங்கே எந்த வேலையும் இல்லாத வண்டிகள் உள்ளே நுழைந்து, வீடுகளுக்கு இடையே ஓடி, மறுபக்கம் வெளியேறும். இந்தக் குறுக்குப் பயணத்தை நிறுத்துவதற்காகப் பகுதியின் உள்ளே சில இடங்களில் மட்டும் தடுப்பு வைப்பதே எல்டிஎன், அதாவது குறைந்த போக்குவரத்துக் குடியிருப்புப் பகுதி.

தடுப்பு மூன்று வகைப்படும். சாலையின் குறுக்கே வைக்கப்படும் பெரிய செடித் தொட்டிகள் ஒன்று. நடப்பட்ட இரும்புக் கம்பங்கள் இன்னொன்று. கண்ணுக்கு எதுவும் தடையாக இல்லாமல் பலகையும் வண்டி எண்ணைப் படிக்கும் கேமராவும் மட்டும் இருப்பது மூன்றாவது. நடப்பவர்களும், சைக்கிளில் செல்பவர்களும், சக்கர நாற்காலியில் செல்பவர்களும் மூன்றையும் கடந்து போகலாம். மோட்டார் வண்டிகள் போகக் கூடாது. ஆகவே தெரு மூடப்படவில்லை. தெருவின் ஒரு புள்ளியில் ஊடே செல்லும் வழி மட்டும் மறிக்கப்படுகிறது.

அப்படியென்றால் என் வீட்டு வாசலுக்கே நான் காரில் போக முடியாதா?

போகலாம். எல்டிஎன்னுக்குள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து காரில் வந்து சேர வழி இருக்கும். குப்பை வண்டியும் தளபாடம் கொண்டுவரும் லாரியும் அப்படித்தான் வருகின்றன. மாறுவது வழிதான். முன்பு தெருவின் வடக்கு முனையில் வெளியேறி இரண்டு நிமிடத்தில் கடைக்குப் போனவர், இப்போது தெற்கு முனையில் வெளியேறிப் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கலாம்.

இந்தக் கூடுதல் நேரம் உண்மையானது. கவுன்சில்கள், அதாவது உள்ளூராட்சி அமைப்புகள், வீடு வீடாகப் போடும் துண்டறிக்கைகளில் மரங்களும் சிரிக்கும் குழந்தைகளும் இருக்கிற அளவுக்கு இந்தச் செலவைப் பற்றிய பேச்சு இருப்பதில்லை. “உங்கள் கார்ப் பயணம் சில நிமிடங்கள் நீளும், அதற்கு ஈடாக இன்னது கிடைக்கும்” என்று நேராகச் சொல்லியிருந்தால் கோபத்தில் ஒரு பங்காவது குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இது கொரோனா காலத்தில் திடீரென்று கொண்டுவந்தது தானே?

பெயர் பரவியது அப்போது; செயல் அதற்கு மிக முந்தியது. 1963ஆம் ஆண்டிலேயே காலின் புக்கானன் தலைமையில் பிரிட்டிஷ் அரசுக்காக எழுதப்பட்ட நகரப் போக்குவரத்து அறிக்கை, ஊடே செல்லும் வண்டிகள் இல்லாத குடியிருப்புப் பகுதிகளை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. லண்டனில் ஹாக்னியின் டி போவோர் பகுதியில் 1970களில் வைக்கப்பட்ட தடுப்புகள் இன்றும் இருக்கின்றன. அந்த வழியாக நடப்பவர்கள் அவற்றை எல்டிஎன் என்று நினைப்பதே இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இலும் பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இலும் இதே கருத்தை நகர மையம் முழுவதற்கும் நடைமுறைப்படுத்தின.

லண்டனில் இன்று நாம் காணும் வடிவத்துக்கு முன்னோடி, நகரின் வடகிழக்கில் உள்ள வால்தம் ஃபாரஸ்ட் கவுன்சில் பகுதி. போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோது சைக்கிள் வசதிகளுக்காக அறிவித்த ‘மினி ஹாலந்து’ நிதியில் 2014ஆம் ஆண்டு ஏறத்தாழ 2.7 கோடி பவுண்டு அந்தப் பகுதிக்குக் கிடைத்தது. வால்தம்ஸ்டோ வில்லேஜில் முதலில் தடுப்புகள் வந்தபோது எதிர்ப்பாளர்கள் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். பிறகு 2020 மே மாதத்தில் போக்குவரத்து அமைச்சர் கிரான்ட் ஷாப்ஸ் நடைக்கும் சைக்கிளுக்கும் 25 கோடி பவுண்டு அவசர நிதி அறிவித்தார். பணத்தை விரைவாகச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையால், வால்தம் ஃபாரஸ்ட்டில் மாதக்கணக்கில் பேசி வைத்ததை மற்ற கவுன்சில்கள் சில வாரங்களில் வைத்தன. இன்று நீடிக்கும் கசப்பின் பெரும்பகுதி அந்த வேகத்திலிருந்து வந்தது.

எந்தப் பலகையைப் பார்த்து நிற்க வேண்டும்? எனக்குத் தெரியவே இல்லை, வீட்டுக்குக் கடிதம்தான் வந்தது.

வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, உள்ளே ஒரு காரும் அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிளும் வரையப்பட்டிருக்கும். கார் மீது மோட்டார் சைக்கிள் பறப்பது போன்ற இந்தப் படத்துக்கு “மோட்டார் வண்டிகள் எதுவும் செல்லக் கூடாது” என்பது பொருள். குறுக்குக் கோடு இல்லாததால், குறிப்பாக இலங்கையிலோ இந்தியாவிலோ ஓட்டப் பழகியவர்கள், “இங்கே காரும் மோட்டார் சைக்கிளும் போகலாம்” என்று தலைகீழாகப் புரிந்துகொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பிரிட்டனில் சிவப்பு விளிம்பு இருந்தாலே பெரும்பாலும் தடைதான். நீல வட்டத்தில் பேருந்தும் சைக்கிளும் இருந்தால், அந்த இடத்தை அவை மட்டுமே கடக்கலாம்.

பலகைக்குக் கீழே சிறிய எழுத்தில் நேரமோ, அனுமதி பெற்றவர்களுக்கு விலக்கு என்பதோ எழுதப்பட்டிருக்கலாம். வழிகாட்டும் செயலி அந்த வழியைக் காட்டியது என்பது சட்டத்தின் முன் காரணமாகாது.

அபராதம் எவ்வளவு? லைசென்ஸில் புள்ளி ஏறுமா?

2025 ஏப்ரல் முதல் லண்டனின் உள்ளூர் கவுன்சில்கள் இத்தகைய மீறலுக்கு 160 பவுண்டு வரை விதிக்கலாம். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. லண்டனுக்கு வெளியே, 2022இல் கிடைத்த அதிகாரத்தின்படி கவுன்சில்கள் விதிப்பது 70 பவுண்டு, விரைவில் கட்டினால் 35. இது குற்றவியல் தண்டனை இல்லை, உரிமையியல் அபராதம். ஆகவே லைசென்ஸில் தண்டனைப் புள்ளி ஏறாது.

பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தது. எதிர்த்து எழுதினால் பயன் உண்டா?

உண்டு, ஆதாரம் இருந்தால். முதலில் கவுன்சிலுக்கு 28 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். மறுப்பை அவர்கள் ஏற்காவிட்டால், நிராகரிப்புக் கடிதம் கிடைத்த 28 நாட்களுக்குள் லண்டன் தீர்ப்பாயத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே முடிவு செய்பவர் கவுன்சிலைச் சாராத நடுவர். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. பலகை மறைந்திருந்தது, தவறான பக்கம் திரும்பியிருந்தது, திரும்பிச் செல்ல இடமில்லாத தொலைவில்தான் கண்ணில் பட்டது போன்ற வாதங்கள் அங்கே எடுபடுகின்றன. உடனே திரும்பிச் சென்று, ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரியும் கோணத்திலேயே படம் எடுத்து வையுங்கள். நடைபாதையில் நின்று எடுத்த படம் அதே அளவுக்கு உதவாது.

செய்யக் கூடாத ஒன்று, கடிதத்தை மேசைக்குள் போட்டு மறந்துவிடுவது. காலம் கடந்தால் தொகை பாதி கூடி 240 பவுண்டாகும். அதன் பிறகு கடனாகப் பதியப்பட்டு, வசூல் முகவர்கள் வாசலுக்கு வருவார்கள். வீடு மாறிய பின் காரின் பதிவு முகவரியை மாற்றாதவர்களே இதில் பெரும்பாலும் சிக்குகிறார்கள்.

இதெல்லாம் கவுன்சில் பணம் பிடுங்கும் வேலைதானே, அண்ணா?

பணம் வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தப் பணத்தை நினைத்தபடி எதற்கு வேண்டுமானாலும் செலவிட முடியாது என்பதும் உண்மை: 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, செலவு போக மிஞ்சுவதைச் சாலைப் பராமரிப்பு, பொதுப் போக்குவரத்து போன்றவற்றுக்கே ஒதுக்கச் சொல்கிறது. முதியோர் இலவசமாகப் பயணம் செய்யும் ஃப்ரீடம் பாஸ் செலவின் ஒரு பகுதியும் இதிலிருந்து வருகிறது.

ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு கேமரா முதல் சில மாதங்களில் நிறைய அபராதம் ஈட்டினால் அது பழக்கம் மாறும் காலம் என்று சொல்லலாம். இரண்டாம் ஆண்டிலும் அதே அளவு ஈட்டினால், அந்த இடத்தின் பலகையோ அமைப்போ ஓட்டுநருக்குச் செய்தியைச் சொல்லத் தவறுகிறது என்றே நான் கொள்வேன். அங்கே ஒரு செடித் தொட்டி வைத்தால் அபராதமும் வராது, காரும் நுழையாது. அதைச் செய்யாமல் கேமராவையே தொடரும் கவுன்சில் காரணம் சொல்லக் கடமைப்பட்டது. அவசர வண்டிகள் கடக்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மினிகேப், டெலிவரி ஓட்டும் நாங்கள் என்ன செய்வது? எங்களுக்கு விலக்கு இல்லையா?

பொதுவாக இல்லை. மினிகேப்களும் (முன்பதிவு செய்து அழைக்கும் வாடகைக் கார்கள்) டெலிவரி வேன்களும் மற்றக் கார்களைப் போலவே சுற்றித்தான் வர வேண்டும். கறுப்பு டாக்ஸிகளுக்குச் சில பேருந்து வழிகளில் அனுமதி உண்டு, குடியிருப்புத் தடுப்புகளில் பெரும்பாலும் இல்லை. டாக்ஸி அமைப்புகள் லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் 2020 தெருத் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் வென்றன. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இரு சக்கர டெலிவரியில் இருப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மொபெட் மோட்டார் வண்டி; தடுப்பைக் கடந்தால் அபராதம் உண்டு. மிதித்தால் மட்டும் உதவும், 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 15.5 மைலில் உதவியை நிறுத்திக்கொள்ளும் மின்சைக்கிள் சட்டப்படி சைக்கிளே, அது கடக்கலாம். கைப்பிடியைத் திருகினால் மொபெட் வேகத்தில் பாயும்படி மாற்றியமைக்கப்பட்ட வண்டி, பார்வைக்குச் சைக்கிளாக இருந்தாலும் மோட்டார் வண்டிதான். காப்பீடும் பதிவும் இல்லாமல் அதை ஓட்டினால் போலீஸ் பறிமுதல் செய்யலாம். அந்த வழக்கில் புள்ளியும் ஏறும்.

ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு, சுற்றுவழியின் ஒவ்வொரு நிமிடமும் சொந்தக் கையிலிருந்து போகிறது. எல்டிஎன் விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் இழப்பு இதுவே என்று நினைக்கிறேன். நகரின் அமைதிக்கான செலவை நிறுவனமும் வாடிக்கையாளரும் ஏற்காமல் ஓட்டுபவர் மட்டும் ஏற்கிறார்.

அம்மாவை வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். ப்ளூ பேட்ஜ் இருக்கிறது. எங்களுக்குமா சுற்றுவழி?

பல கவுன்சில்கள் ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அனுமதி அட்டை) வைத்திருப்பவர்களுக்குக் கேமராத் தடுப்புகளில் விலக்கு தருகின்றன. ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. விண்ணப்பித்து வண்டி எண்ணைப் பதிய வேண்டும். சில இடங்களில் விலக்கு வசிக்கும் எல்டிஎன்னுக்கு மட்டும், சில இடங்களில் கவுன்சில் எல்லை முழுவதற்கும். பக்கத்துக் கவுன்சிலின் அனுமதி இங்கே செல்லாது. பேட்ஜை முகப்புக் கண்ணாடியில் வைத்தால் போதும் என்று நம்பி அபராதம் பெற்றவர்கள் உண்டு: கேமரா பேட்ஜைப் பார்ப்பதில்லை, எண்ணை மட்டும் பார்க்கிறது. செடித் தொட்டியும் கம்பமும் இருக்கும் இடத்தில் எந்த விலக்கும் உதவாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தெற்கு லண்டனின் லாம்பெத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் தொடுத்த வழக்கு 2021இல் உயர் நீதிமன்றத்திலும் 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. எனினும் இந்த விலக்குகள் பரவியதற்கு அத்தகைய வழக்குகளும் முறையீடுகளும் ஒரு காரணம். பேட்ஜ் இல்லாத முதியவர்களும், வீட்டுக்கு வந்து பராமரிக்கும் பணியாளர்களும் இன்னும் பல இடங்களில் விடுபட்டே இருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் தாமதமாகி யாராவது இறந்தால் யார் பொறுப்பு?

இந்த அச்சம் இயல்பானது. தீயணைப்புப் படையின் பதிவுகளை வைத்து வால்தம் ஃபாரஸ்ட்டில் செய்த ஆய்வு, எல்டிஎன்னுக்குள் வந்துசேரும் நேரம் கூடியதற்கான சான்று இல்லை என்றது. 2024 மார்ச்சில் மத்திய போக்குவரத்துத் துறை வெளியிட்ட மறுஆய்வும், ஒட்டுமொத்தத்தில் பாதிப்பு தென்படவில்லை என்று சொல்லியது. தனித்தனிச் சம்பவங்களில் தாமதம் நேர்ந்ததே இல்லை என்பது இதன் பொருளன்று. புதிய தடுப்பு வரைபடத்தில் ஏறாமல் இருந்ததும், பூட்டிய கம்பத்தின் சாவி கையில் இல்லாததும் சிக்கலை உண்டாக்கியிருக்கின்றன. இதனால்தான் பல இடங்களில் கம்பங்களை எடுத்துவிட்டுக் கேமரா வைத்தார்கள். கேமராத் தடுப்பை அவசர வண்டிகள் நிற்காமல் கடக்கலாம்.

உள்ளே அமைதி, சரி. அந்தக் கார்கள் எல்லாம் எங்கள் மெயின் ரோட்டுக்குத்தானே வந்து சேரும்?

இதுவே எல்லாவற்றிலும் கனமான கேள்வி. உள்ளே ஓடிய வண்டிகள் அத்தனையும் அப்படியே எல்லைச் சாலைக்கு, அதாவது பகுதியைச் சூழ்ந்த பெரிய சாலைக்கு, மாறுவதில்லை என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. சாலையின் கொள்ளளவு குறைக்கப்பட்ட 11 நாடுகளின் 70க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து கெய்ர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் மூவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரை, பாதி நிகழ்வுகளில் சுற்றுவட்டாரத்தின் மொத்தப் போக்குவரத்து 11 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. சிலர் நடக்கிறார்கள், சிலர் வேறு நேரத்தில் கிளம்புகிறார்கள், சிலர் இரண்டு பயணங்களை ஒன்றாக்குகிறார்கள், சிலர் போவதில்லை. நேர்மாறானதும் நடக்கும்: புதிய சாலை போட்டால் புதிய கார்கள் வருவதை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம்.

லண்டனின் 11 கவுன்சில் பகுதிகளில் 46 எல்டிஎன்களின் எண்ணிக்கைகளை வைத்து வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டபோது, உள்தெருக்களில் சராசரியாக 46.9 சதவீதம் குறைவு தெரிந்தது; எல்லைச் சாலைகளில் சராசரி மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் சராசரி என்பதை இங்கே எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். ஏறத்தாழ பாதிச் சாலைகளில் போக்குவரத்து குறைந்தது, பாதியில் கூடியது. கூடிய சாலையில் வீடு உள்ளவருக்குச் சராசரியால் எந்த ஆறுதலும் இல்லை.

தோல்வியடைந்த உதாரணம் ஒன்று தெளிவாகவே இருக்கிறது. தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதம் வெல்ஸில் 2023 அக்டோபரில் எல்டிஎன் வந்தது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த ஏ23 சாலையில் பேருந்துகள் நகர முடியாமல் நின்றன. மூன்று மைலுக்கும் குறைந்த தூரத்தைக் கடக்க ஒரு பேருந்து இரண்டு மணி நேரம் எடுத்ததாகச் செய்தி வந்தது. மேயர் சாதிக் கானும் வெளிப்படையாகக் கவலை தெரிவித்த பின், 2024 மார்ச்சில் லாம்பெத் கவுன்சில் அதை நிறுத்தி வைத்தது. பேருந்துக்குத் தனித்தடம் இல்லாத, சாலைப் பணிகளால் ஏற்கெனவே குறுகிய பெரிய சாலையின் ஓரத்தில் எல்டிஎன் வைத்தால், காரில்லாதவர்களே முதலில் அடி வாங்குவார்கள். லண்டன் குடும்பங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றிடம் கார் இல்லை என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். எல்லைச் சாலைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

காற்றாவது சுத்தமாகிறதா?

இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இஸ்லிங்டனின் மூன்று எல்டிஎன்களை ஒப்பீட்டு இடங்களோடு வைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, நைட்ரஜன் டைஆக்சைடு உள்ளே 5.7 சதவீதமும் எல்லையில் 8.9 சதவீதமும் குறைந்தது. மூன்று இடங்களை வைத்து லண்டன் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லையில் கட்டாயம் மோசமாகும் என்ற வாதத்தை அது பலவீனப்படுத்துகிறது, அவ்வளவே.

பணக்காரத் தெருக்களுக்கு மட்டும் தொட்டி வைக்கிறார்கள் என்று சொல்கிறார்களே?

2020 மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை வைக்கப்பட்டவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்த ஆய்வு இதற்கு எதிரான முடிவைத் தந்தது: மிக ஏழ்மையான கால் பங்கு இடங்களில் வசிப்போர், மிக வசதியான கால் பங்கு இடங்களில் வசிப்போரைவிட 2.7 மடங்கு எல்டிஎன்னுக்குள் இருக்க வாய்ப்புள்ளவர்கள். ஆனால் இது லண்டன் முழுமைக்குமான கணக்கு. ஒரு தனிக் கவுன்சிலுக்குள் வீட்டு விலை ஏறிய தெருவுக்கு முதலில் கிடைத்ததா என்பதை அந்தந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர் எல்லைச் சாலையில்தான் இருக்கிறார்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதில் உண்மையில் என்ன கிடைக்கிறது? அவர்கள் முன்பும் இதே தெருவில்தானே போனார்கள்?

முன்பு போனவர்கள் பெரும்பாலும் துணிந்தவர்கள். வேகமாக வரும் கார், எதிரே இன்னொரு கார், இரண்டு பக்கமும் நிறுத்திய கார்கள், நடுவில் சைக்கிள்: இதில் பத்து வயதுக் குழந்தையை எந்தப் பெற்றோரும் அனுப்ப மாட்டார்கள். குறுக்குப் பயணம் நின்றதும், தனிப்பாதை எதுவும் கட்டாமலேயே அந்தத் தெரு சைக்கிளுக்கு ஏற்றதாகிறது. வால்தம் ஃபாரஸ்ட்டில் மாற்றங்கள் மிகுதியாக நடந்த பகுதிகளில் வாழ்ந்தவர்கள், ஓராண்டுக்குப் பின், மற்ற இடத்தவரோடு ஒப்பிடுகையில் வாரத்துக்கு 41 நிமிடம் கூடுதலாக நடந்தார்கள் அல்லது சைக்கிள் ஓட்டினார்கள். விபத்துக் கணக்கு இன்னும் உறுதியானது: லண்டனின் 113 எல்டிஎன்களை ஆராய்ந்து 2025இல் வெளியான கட்டுரை, உள்ளே காயங்கள் 35 சதவீதம் குறைந்ததாகவும் எல்லைச் சாலைகளில் மாற்றமில்லை என்றும் கண்டது.

அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். எல்லைச் சாலை முன்பைவிட ஆபத்தாகவில்லை, பாதுகாப்பாகவும் ஆகவில்லை. எல்டிஎன்னுக்குள் நிம்மதியாக வந்த சைக்கிள்காரர் பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் மறுபடியும் லாரிகளுக்கு நடுவே நிற்கிறார். வால்தம் ஃபாரஸ்ட் தெருக்களுக்குத் தடுப்பு வைத்ததோடு நிற்காமல், லீ பிரிட்ஜ் சாலையில் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையையும் கட்டியது. அதன் வெற்றியைக் காட்டித் தங்கள் திட்டத்தை விற்கும் மற்றக் கவுன்சில்கள், செலவு கூடிய அந்தப் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

சைக்கிள்காரர்கள் மட்டும் எதையும் பார்க்காமல் பறக்கிறார்களே, அவர்களுக்கு விதியே இல்லையா?

உண்டு. நடைபாதையில் ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கவனமின்றி ஓட்டுவது எல்லாம் சைக்கிளுக்கும் குற்றமே. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிநூல், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கு அதிகப் பொறுப்பு என்று வகுத்தது. அதன்படி கார் ஓட்டுநர் சைக்கிளுக்குப் பொறுப்பு. சைக்கிள் ஓட்டுபவர் நடப்பவருக்குப் பொறுப்பு. செடித் தொட்டிகளுக்கு இடையிலான இடைவெளியில்தான் நடப்பவரும் சைக்கிளும் பெரும்பாலும் உரசுகிறார்கள். அங்கே வேகம் குறைப்பது சைக்கிள்காரரின் கடமை.

முறையீடுகளில் வரும் “பறக்கும் சைக்கிள்கள்” பலவும், டெலிவரி பற்றிய பதிலில் சொன்ன திருகு கைப்பிடி வண்டிகள்தான். ஒருவழித் தெருவில் எதிரே சைக்கிள் வந்தால் உடனே தவறு என்று முடிவு செய்ய வேண்டாம்: “சைக்கிளைத் தவிர” என்று பலகை இருந்தால் அவருக்கு அனுமதி உண்டு.

எங்கள் கடைக்கு ஆட்கள் இருபது கிலோ அரிசி மூட்டை வாங்கக் காரில்தான் வருகிறார்கள். வியாபாரம் என்ன ஆவது?

தமிழ்க் கடைகளுக்கு இது பொருத்தமான கவலை. சுற்றுவட்டாரத்தார் மட்டுமல்லாமல் பல மைல் தள்ளி இருப்பவர்களும் வாரம் ஒருமுறை மூட்டையாக வாங்க வருவது நம் கடைகளின் இயல்பு. நடந்து வருபவர்களை நம்பிய காபிக் கடையின் கணக்கு இங்கே பொருந்தாது. பொதுவாகக் கடை எல்லைச் சாலையில் இருந்தால் எல்டிஎன் வழியை மறிக்காது. வாகனம் நிறுத்தும் இடம் குறைகிறதா என்பதே கேட்க வேண்டியது. கடை உள்தெருவில் இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவியுங்கள், சரக்கு இறக்கும் இடத்தைத் திட்ட நிலையிலேயே எழுத்தில் கோருங்கள். தடுப்பு வந்த பின் கேட்பதைவிட முன்பே கேட்பது எளிது.

யூலெஸ், எல்டிஎன், பதினைந்து நிமிட நகரம், எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. யூலெஸ் என்பது அதிகம் புகைவிடும் பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் உண்டு, நடத்துவது மேயர். எல்டிஎன்னில் கட்டணம் கிடையாது, மின்காருக்கும் வழியில்லை, நடத்துவது கவுன்சில். பள்ளி தொடங்கும், முடியும் நேரத்தில் மட்டும் மூடப்படும் பள்ளித் தெரு மூன்றாவது. பதினைந்து நிமிட நகரம் என்பது கடையும் பள்ளியும் அருகில் இருக்க வேண்டும் என்ற திட்டமிடல் கருத்து. மக்களைப் பகுதிக்குள் அடைத்து வைக்கப்போகிறார்கள் என்று 2023இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய போராட்டம் நடந்தது. அப்படி அடைக்கும் விதி எதிலும் இல்லை.

எங்களிடம் கேட்காமலேயே வைத்துவிட்டார்கள். நீக்க வைக்க முடியுமா?

பெரும்பாலான எல்டிஎன்கள் சோதனை ஆணையின் கீழ் தொடங்குகின்றன. அது அதிகபட்சம் 18 மாதம் செல்லும். முதல் ஆறு மாதம் ஆட்சேபம் எழுதலாம். முன்கூட்டியே கேட்காமல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்பது சட்டப்படி சரி. ஆனால் எழுதியதைப் படிக்காமல் விடுவது சரியில்லை: வெஸ்ட் டல்விச் வழக்கில், குடியிருப்பாளர்கள் அளித்த 53 பக்க அறிக்கையைக் கருத்தில் கொள்ளத் தவறியதால் லாம்பெத் கவுன்சில் சட்டவிரோதமாக நடந்துகொண்டது என்று 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் போகாமலும் பல நீக்கப்பட்டிருக்கின்றன. லண்டன் கவுன்சில்களான வாண்ட்ஸ்வொர்த்தும் ரெட்பிரிட்ஜும் 2020இல் சில வாரங்களிலேயே பின்வாங்கின. ஹாரோவும் ஈலிங்கும் 2021இல் பலவற்றை எடுத்தன. மறுபக்கம், 2024இன் அரசு மறுஆய்வு நான்கு இடங்களில் கேட்டபோது 45 சதவீதத்தினர் ஆதரவும் 21 சதவீதத்தினர் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். கூச்சலின் அளவை வைத்து எண்ணிக்கையை ஊகிக்க முடியாது. ஆட்சேபம் எழுதுவதானால் “இது பிடிக்கவில்லை” என்று எழுதுவதைவிட, எந்தச் சந்திப்பில், எந்த நேரத்தில், எந்தப் பேருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள். ஆதரவாக எழுதுபவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

தடுப்புக் கம்பத்தை யாரோ உடைத்துவிட்டார்கள். இப்போது அந்த வழியே காரில் போகலாமா?

கூடாது. தடையைப் பிறப்பிப்பது கவுன்சிலின் ஆணை. கம்பம் அதை நினைவூட்டுகிறது. சிவப்பு வட்டப் பலகை நின்றுகொண்டிருக்கும் வரை விதி செல்லும், அங்கே கேமரா இருந்தால் அபராதமும் வரும். ஆக்ஸ்ஃபோர்டின் கௌலியிலும் கிழக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் பிளாஸ்டிக் கம்பங்களை உருக்கியும் பிடுங்கியும் எறிந்ததன் முடிவில், சில இடங்களில் கேமராவே வந்து சேர்ந்தது. பலகையும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் நிலைமை வேறு: அபராதக் கடிதம் வந்தாலும், மரக்கிளை பற்றிய பதிலில் சொன்ன வழியில், தேதி தெரியும் படத்தோடு மறுப்பு எழுதலாம். அதுவரை பலகை விழுந்து கிடப்பதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.